எட்டில் ஒரு பங்கு

ஐந்து மாதம் நான் ஒரு மனிதரிடம் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பெரிய பொய் இல்லை. "சாமான் இன்னும் கொழும்பில இருந்து வரல்ல காக்கா" என்பதுதான். திருத்துகிற தொழில் செய்கிற எவனும் இந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்ததில்லை. மோட்டார் திருத்துகிறவன் சொல்வான், மணிக்கூடு திருத்துகிறவன் சொல்வான், தையல்காரன்கூட நூல் வரவில்லை என்பான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள நிறைய முயன்றுவிட்டேன். முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கடை கிடையாது. மனைவியின் வீட்டுப் பின்வளவில் தகரம் போட்ட ஒரு கொட்டில்தான் என் பட்டறை. மனைவியின் வீடு என்று சொல்வது மரியாதைக்காக இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது, ஆண் அங்கே போய்க் குடியிருப்பவன். ஆகவே பட்டறையும் அவளுடைய தயவில் நிற்பதுதான். அவள் அதற்கு மையவாடி, அதாவது மையித்தை அடக்குகிற இடம், என்று பெயர் வைத்திருக்கிறாள். "அங்க போனது ஒண்டும் திரும்பி வாறல்ல" என்பாள். பழைய டீவிகள், ஃபேன்கள், தண்ணீர் மோட்டார்கள், இப்போது சில வருடங்களாக இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்கள். முன்பு வெல்டிங் மெஷின் என்றால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டும். இப்போது வருவதைத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அதன் உள்ளே இருப்பதெல்லாம் நுணுக்கமான சாமான். கடல் எங்கள் வளவிலிருந்து மூன்று வளவு தள்ளி இருக்கிறது. உப்புக்காற்று இந்த மெஷின்களின் வயிற்றுக்குள் புகுந்து கம்பிக் கால்களையெல்லாம் பச்சை பூக்கவைத்துவிடும். போதாததற்குப் பல்லி வேறு உள்ளே போய்ப் படுத்துக் கருகிக் கிடக்கும். என் அடுப்பு எரிவது இந்த உப்பாலும் பல்லியாலும்தான், ஆகவே அவற்றைத் திட்டவும் எனக்கு உரிமை இல்லை.

வெல்டிங் காக்கா தன் மெஷினைக் கொண்டுவந்த நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. கேற்றும் கிறிலும் செய்கிற மனிதர், அறுபது வயதிருக்கும். எனக்கு உறவில்லை. மூத்தவர் என்பதால் காக்கா. மெஷினுக்கு உரச்சாக்கைச் சுற்றி, சைக்கிள் கரியரில் டியூப்பால் கட்டி, தான் மட்டும் நனைந்துகொண்டு வந்தார்.

"ஃபேன் சுத்துது தம்பி, லைட் எரியுது. நெருப்பு மட்டும் வருகுதில்ல."

"அவசரமா காக்கா?"

"வீட்டுல ஒரு கைபிடி வைக்கணும். மதினி பாத்ரூமுக்கு இறங்க. பைப்பெல்லாம் வெட்டி அரத்தி வெச்சிட்டன். மெஷின் வந்தா முதல் வேலை அதுதான்."

அவருடைய மனைவிக்கு வலது பக்கம் வாதம் அடித்திருந்தது. மகளுக்குக் கலியாணம் முடித்தபோது, வழக்கப்படி வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, இருவரும் பின்வளவில் ஒற்றை அறை கட்டிக்கொண்டு குடியிருந்தார்கள். பாத்ரூம் வெளியே. அறை வாசலிலிருந்து இரண்டு கொங்கிறீட் படி இறங்க வேண்டும். நன்றாக இருக்கிற காலுக்கு அது படியே இல்லை. மதினிக்கு அது இறங்க முடியாத மலை.

அவர் இருக்கும்போதே மெஷினைக் கழற்றிப் பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் பிழை அகப்பட்டது. ஒரு ரிலேயின் கால் உப்பில் அரித்துப் போர்டிலிருந்து விட்டுப்போயிருந்தது. அதை மாற்றி ஈயம் வைத்தால் சரி. மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. குறிப்பாக அலுமினியத் தகட்டில் வரிசையாக முறுக்கியிருந்த நான்கு கறுப்பு வில்லைகள். வீட்டுக் கரண்டை நொறுக்கி நெருப்பாக்குவது அந்த நான்கும்தான், மெஷினின் உயிரே அவைதான் என்று வைத்துக்கொள்ளலாம். காக்காவுக்கும் காட்டினேன். எனக்கு என் கெட்டித்தனத்தைக் காட்டிக்கொள்வதில் ஆசை உண்டு.

"சின்ன வேலைதான் காக்கா. நாளைக்கு வாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிச் சாக்கை மடித்துக் கரியரில் செருகிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒருவர் வேனில் வந்து இறங்கினார். வெள்ளாமை வெட்டுகிற மெஷின்கள் திருத்துகிறவர். வயலில் ஒரு வெட்டு மெஷின் உடைந்து நிற்கிறது, வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, நெல் சாய்ந்தால் எல்லாம் போய்விடும், தன் வெல்டிங் மெஷினோ வெடித்துவிட்டது என்று ஒரே மூச்சில் கத்தினார். திறந்து பார்த்தேன். நான்கு வில்லையும் கருகிப்போயிருந்தன. என்னிடம் ஒன்றுகூட இல்லை. மேசையில் காக்காவின் மெஷின் திறந்தபடி கிடந்தது.

நான் நிறைய யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். நான்கையும் கழற்றி அவருடைய மெஷினில் போட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, துஆச் செய்து, பறந்துபோனார். ஒரு வயலைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கும் பெருமையாக இருந்தது. நாலு நாளில் கொழும்பிலிருந்து வேறு எடுத்துப் போட்டுவிடலாம், யாருக்கும் நட்டமில்லை.

மறுநாள் காக்கா வந்தபோது நடந்ததை அப்படியே சொல்லியிருக்கலாம். "ஆ, நல்ல வேலை செஞ்சீங்க தம்பி" என்றுதான் அவர் சொல்லியிருப்பார். அவர் அப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருவரிடம் கேட்காமல் அவருடைய சாமானைக் கழற்றிவிட்டுப் பிறகு சொல்வதற்கு வாய் வரவில்லை. "இன்னும் ஒரு சாமான் போயிரிக்கி காக்கா, கொழும்பில இருந்துதான் எடுக்கணும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

கொழும்பிலிருந்து பஸ் பார்சலில் சாமான் ஒரு வாரத்தில் வந்தது. அதை நான் காக்காவின் மெஷினில் போடவில்லை. சாய்ந்தமருதில் வள்ளத்து இஞ்சின் வேலை செய்கிற ஒருவர் அன்று காலை என் கேற்றடியில் நின்று, அயல்வீடெல்லாம் கேட்கும்படி என்னைப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய வாயை மூட அவை போயின. அடுத்த தடவை வந்தது இன்னொருவருக்குப் போனது. நான் கண்ட ஒரு விஷயம் இது. கத்துகிறவனுடைய மெஷின் முதலில் திருந்தும். நல்லவனுடையது இறாக்கைத் தட்டில் தூங்கும். எங்கள் தொழிலில் நல்ல மனிதர்களுக்கு நாங்கள் கொடுக்கிற தண்டனை அது. மூன்றாவது தடவைக்குப் பிறகு நான் சாமான் எடுப்பதையே விட்டுவிட்டேன். பொய் பழகிவிட்டது, அது இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

காக்கா வெள்ளிக்கிழமைகளில் வருவார். ஜும்ஆ முடிந்து, அத்தர் மணக்க, வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக வந்து பிளாஸ்டிக் கதிரையில் உட்காருவார். உடனே பேசமாட்டார். கொஞ்சம் மூச்சு வாங்குவார். சைக்கிள் மிதித்த களைப்பு என்று நான் நினைத்துக்கொள்வேன். பிறகு என் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், பள்ளியில் நடந்ததைச் சொல்வார். மெஷினைப் பற்றிக் கேட்பது கடைசியில்தான், அதுவும் எனக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு வெட்கப்படுகிறவர் மாதிரி.

"சாமான் வந்தயா தம்பி?"

"இல்ல காக்கா. வாற கிழமை எப்படியும் வந்திடும்."

"ஓம். பரவால்ல."

காற்றுப் போகிற கிறிலுக்குள்ளால் பார்த்தால் நான்கு வில்லையும் இல்லாதது தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், நான் அந்த மெஷினை ஒரு பழைய சாரனால் மூடி வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர் அதைப் பார்த்துவிட்டு, "நல்லாப் பாதுகாத்து வெச்சிரிக்கீங்க" என்றார். நான் சாவணத்தைத் தேடுகிறவன் போல மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

மெஷின் இல்லாத அந்த நாட்களில் அவர் இன்னொருவருடைய பட்டறைக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே உள்ள மெஷினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள், கைபிடியையோ படியில் பதித்த இரும்பில் வைத்துத்தான் ஒட்டவேண்டும். நோன்புக்குச் சில நாட்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"நிந்தவூர்ல ஒருத்தர் தன்ட மெஷின ஒரு நாளைக்குத் தாறன் எண்டார் தம்பி. நான் வேணாம் எண்டுட்டன். என்னத்துக்கு மத்தவங்கட சாமான எடுக்கிற? நம்மட மெஷின்தான் வாற கிழமை வந்திடுமே."

வாயைத் திறந்து, "இல்ல காக்கா, அந்த மெஷின வாங்கிக் கைபிடிய ஒட்டுங்க, இது இப்போதைக்கு வராது" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். என் களவுகூட வெளியே வந்திருக்காது. சொல்லவில்லை. "ஓம், வந்திடும்" என்றேன். வில்லைகளைக் கழற்றியதைவிட இதுதான் பெரிய பாவம் என்று இப்போது தெரிகிறது.

"அந்தக் காக்காட மெஷின இன்னும் குடுக்கல்லையா?" என்று மனைவி கேட்பாள். "உனக்கென்ன தெரியும் இதுகளப் பத்தி" என்று அவள் மேல் பாய்வேன். மனம் குறுகுறுக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் பாதி அவளுக்கு வந்தது, மீதி பல்லிகளுக்கு.

நோன்பும் பெருநாளும் போன பிறகு, வெளிநாட்டிலிருக்கிற மனைவியின் தம்பி எங்கள் இருவரையும் உம்றாவுக்கு அனுப்பினார். எங்கள் ஊரில் மக்காவுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாய்ப் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளை மனதார விட்டுத்தரும்படி கேட்பது. மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் பொருந்திக்கொள்ள வேண்டும், கஃபாவுக்கு முன்னால் நின்று அழுதாலும் அது தீராது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கேட்கிறவர் இன்ன பிழை என்று சொல்வதில்லை. மொத்தமாகக் கேட்பார்கள், மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். வசதியான வழக்கம். என்னைப் போன்றவர்களுக்கு மிகவும் வசதி.

காக்காவின் வீட்டுக்கும் போனேன். பின்வளவு அறை வாசலில் என்னை நிறுத்தி, உள்ளே போய் மதினியிடம் சொல்லிவிட்டு வந்தார். சுவரில் மூன்று பைப் சாய்ந்து நின்றன. முனைகளை அரத்திப் பளபளப்பாக்கி வைத்திருந்தது மழையிலும் உப்பிலும் இப்போது துருவேறிச் சிவந்திருந்தது. படியின் ஓரத்தில் கொங்கிறீட்டுக்குள் பதித்த இரும்புத் துண்டுகள் இரண்டு. அவையும் காத்துக்கொண்டிருந்தன.

"ஏதாச்சும் பிழை செஞ்சிருந்தா பொருந்திக்கோங்க காக்கா" என்றேன். பைப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"நீங்க என்ன பிழை செஞ்ச தம்பி? பொருத்தம், பொருத்தம். அங்க போய் மதினிட காலுக்கு துஆக் கேளுங்க. அது போதும்." என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய நெஞ்சு என் நெஞ்சில் வேகமாக அடித்தது. உள்ளேயிருந்து மதினி, "எங்களையும் பொருந்திக்கோங்க தம்பி" என்றார்.

மக்காவில் மதினியின் காலுக்காக துஆக் கேட்டேன். அழுதுகூடக் கேட்டேன். கேட்கும்போதே எனக்குள் ஒருவன், "அல்லாஹ் சுகமாக்கட்டும், நீ அந்த நாலு வில்லையைப் போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனை அதட்டிவிட்டுத் துஆவைத் தொடர்ந்தேன்.

திரும்பி வந்து ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீரில் பாதியை மதினியின் காலில் தடவ எடுத்து வைத்துவிட்டு மீதியை மூன்று மிடறாகக் குடித்தார். அன்று அவர் மெஷினைப் பற்றிக் கேட்கவில்லை. பயணக் களைப்பில் வந்தவனிடம் கேட்பது அழகில்லை என்று நினைத்திருப்பார். நானாகவே, "வாற கிழமை முடிச்சிடுவன் காக்கா" என்றேன். அன்று சொன்னது மட்டும் பொய் இல்லை. உண்மையாகவே செய்வதாக இருந்தேன்.

அந்த வாற கிழமையில் ஒரு நாள், விடியலில் சுபஹ் தொழுது வந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது பள்ளி ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்டது. வெல்டிங் வேலை செய்கிற, இன்ன வீதியைச் சேர்ந்த என்று சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. அதிகாலையில் நெஞ்சு நோ என்று பாத்ரூம் படியில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை என்றார்கள்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய மருமகன் சபுக்கு, தொழ நின்ற வரிசைக்கு, முன்னால் வந்து நின்றார். மகன் கட்டாரில் இருந்ததால் மருமகன்தான் பேசினார். "மாமா யாருக்காச்சும் ஏதாச்சும் குடுக்க வேண்டி இருந்தா எங்கட்டச் செல்லுங்க. அவர் நம்பித் தந்த அமானிதம் ஏதும் யார்ட்டயும் இருந்தாலும் செல்லுங்க. அவர் ஏதும் பிழை செஞ்சிருந்தா பொருந்திக்கோங்க." எல்லோரும் "பொருத்தம்" என்றார்கள். இரண்டாவது சபில் நின்ற நானும் வாய் திறந்து "பொருத்தம்" என்றேன். எனக்கு ஒரு பிழையும் செய்யாத மனிதரை நான் மன்னித்தேன். வெட்கம்கெட்ட வாய்.

காக்காவை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து வந்து நேரே கொட்டிலுக்குப் போய் சாரனை எடுத்தேன். மெஷின் மேல் தூசே இல்லை. கொழும்புக்கு ஒரு போன் எடுத்தேன். இரண்டே நாளில் சாமான் வந்தது. ஐந்து மாதமாக வராத சாமான்.

அஸர் தொழுதுவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். பழைய வெள்ளைப் பசையைச் சுரண்டித் தகட்டைத் துடைத்தேன். ரிலேயை மாற்றினேன். நான்கு புது வில்லையையும் பசை பூசி இறுக்கி, ஒவ்வொரு காலுக்கும் ஈயம் வைத்தேன். போர்டின் மற்ற இடங்களில் இருந்த பச்சையையெல்லாம் பிரஷால் தேய்த்து எடுத்து வார்னிஷ் அடித்தேன். நேரே கரண்டில் போடாமல், முதலில் ஒரு நூறு வாட் பல்பின் வழியாகப் போட்டுப் பார்ப்பது எங்கள் முறை. பல்ப் பளிச்சென்று நின்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷோட். ஒரு தடவை மின்னி மங்கினால் மெஷின் நல்லது. சுவிச்சைப் போட்டேன். பல்ப் மின்னியது, மங்கியது. ஃபேன் சுற்றியது. ஒரு இரும்புத் துண்டில் குச்சியை உரசினேன், நெருப்பு வந்தது. அப்போதுதான் பொழுதுபட்டு மஃரிபுக்கு பாங்கு சொன்னார்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், நடுவே ஒரு தேநீரும் குடித்து முடித்த வேலை இது. மெஷினை அணைத்துவிட்டு அதே கதிரையில், காக்கா உட்காருகிற கதிரையில் உட்கார்ந்து அழுதேன். மனைவி வாசல்வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அடுத்த நாள் மெஷினைக் கொண்டுபோனேன். மதினி இத்தாவில் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் அவரைப் பார்க்க முடியாது. மகள் ஒரு கதிரையை முற்றத்தில் போட்டாள், அறை வாசலில் திரை தொங்கியது. திரைக்கு இந்தப்பக்கம் மகள் நிலத்தில் உட்கார்ந்தாள். நான் திரையைப் பார்த்துச் சொன்னேன். வில்லைகளைக் கழற்றியதிலிருந்து, சாமான் வந்தும் போடாதது, நிந்தவூர் மெஷின், உம்றாவுக்குப் போகும்போது மறைத்துப் பொருத்தம் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை மொத்தமாகக் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டேன்.

பக்கத்து வளவில் யாரோ தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப மெஷின்ல பெரிய பழுது ஒண்டும் இல்லையா தம்பி?" வாதத்தில் மதினிக்கு வாயும் கொஞ்சம் கோணியிருந்தது. சொற்கள் மெதுவாக வந்தன.

"இல்ல மதினி."

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து செல்லுவார், வாற கிழமை கைபிடி வந்திடும், நீ ராணி மாதிரி இறங்கிப் போகலாம் எண்டு. நானும் சிரிப்பன். சுபஹுக்கும் மஃரிபுக்கும் அவர்தான் என்னத் தூக்கிட்டுப் போற. டொக்டர் அவருக்குப் பாரம் தூக்கவேணாம் எண்டு செல்லியிருந்த. நெஞ்சில அடைப்பு எண்டு. யார்ட்டயும் செல்ல வேணாம் எண்டுட்டார். மகளுக்கும் தெரியா."

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். காக்கா கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது, கட்டிப்பிடித்தபோது நெஞ்சு அடித்தது, படியில் உட்கார்ந்து எழும்பாதது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அன்றைக்கும் மதினியைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே இருத்திவிட்டுத்தான் அவர் வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"மௌத்து அல்லாஹ்ட எழுத்து தம்பி" என்றார் மதினி. "அதுக்கு நான் உங்களக் குத்தம் செல்லமாட்டன். மெஷின் இப்ப எங்கட. வாரிசுச் சொத்து. அதுல எனக்கு எட்டில ஒரு பங்கு. அந்த எட்டில ஒரு பங்க நான் பொருந்திக்கிட்டன். மிச்சத்துக்கு மகள்டயும் மகன்டயும் கேளுங்க."

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ட பங்கும் பொருத்தம் சாச்சா" என்றாள். அங்கேயே கட்டாருக்கு வீடியோ கோல் போட்டாள். மகன் வேலையிடத்தில் தலையில் மஞ்சள் தொப்பியோடு நின்றான். நான் பாதி சொல்லும்போதே, "சரி சாச்சா, விடுங்க, பொருத்தம்" என்று முடித்தான். பின்னால் இரும்பு அடிக்கிற சத்தம் கேட்டது. அவனும் வாப்பாவின் தொழில்தான்.

"அப்ப எல்லாப் பங்கும் வந்திட்டு" என்றேன். கொஞ்சம் பாரம் இறங்கினது போலத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

"மெஷினுக்கு வந்திட்டு" என்றார் மதினி. "அவர் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து காத்திருந்த எங்கட இல்ல தம்பி. அது சொத்தில்ல, எங்களுக்குப் பங்கு வராது. அது அவர்ர. அதுக்கு நீங்க மறுமையில அவர்டத்தான் கேக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. பாகம் பிரிக்கிறவர்கள் சொல்வது மாதிரி, உள்ளதை உள்ளபடி சொன்னார். அதற்கு எந்த மார்க்கத் தீர்ப்பும் தேவையில்லை, எனக்கே விளங்கியது.

கைபிடியை நானே ஒட்டுகிறேன் என்றேன். நான் வெல்டர் இல்லை, மெஷினைத் திருத்துகிறவனுக்குக் குச்சி பிடிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் வேறொருவரை அழைக்க மனம் வரவில்லை. மகள் மதினியின் அறைக் கதவைச் சாத்தினாள். நான் பைப்களின் துருவைத் தேய்த்தேன். காக்கா வெட்டி வைத்த அளவு ஒரு நூலளவும் பிசகவில்லை. பதித்த இரும்பில் நிறுத்தியதும் தானாகவே நேராய் நின்றன. குறுக்குப் பைப்பும் அப்படியே பொருந்தியது. நான் செய்ய வேண்டியதாக இருந்தது நான்கு மூட்டு மட்டும். கண்ணாடிக்குள் கண்ணீர் நிரம்பி இரண்டு தடவை கழற்றித் துடைத்தேன். என் ஒட்டு கட்டி கட்டியாக வந்தது. அவருடையதென்றால் இழுத்த கோடு போல வந்திருக்கும். அரத்தி, கையைக் கிழிக்காதபடி துணியால் தேய்த்து, என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

"முடிஞ்சிது மகள்" என்று சொல்லிவிட்டு, கேபிள்களைச் சுருட்டிக்கொண்டு வளவின் மறுபக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். கதவு திறந்தது. கைத்தடி ஊன்றும் சத்தம். பிறகு கைபிடியில் ஒரு கை விழுகிற சத்தம். ஒரு கால், நீண்ட மூச்சு, இன்னொரு கால். மகள், "மெதுவா உம்மா, மெதுவா" என்றாள். இரண்டாவது படியும் முடிந்தது. பாத்ரூம் கதவு சாத்தியது, கொஞ்ச நேரத்தில் திறந்தது. அதேபோல ஒவ்வொன்றாக ஏறினார். யாரும் தூக்கவில்லை. திரை விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன்.

மகள் தேநீர் கொண்டுவந்து தந்தாள். குடிக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து மதினி கேட்டார்.

"இவ்வளவு நேரம்தானா தம்பி இந்த வேலைக்கு?"

குற்றம் சொல்லக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கையிலிருந்த தேநீர் இன்னும் சூடாக இருந்தது.

"ஓம் மதினி" என்றேன். "இவ்வளவு நேரம்தான்."